சென்னைக்கு ஒரு மணி நேரமா? ஓசூர்ப் பட்டிமன்றம் ஒன்றைப் பற்றி

சென்ற பருவத்தில் எங்கள் கல்லூரி அறிவியல் மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. தலைப்பு: "ஓசூர் மக்களுக்கு ஏற்றது விமானமா, இரயிலா?" நடுவராக என்னை உட்கார வைத்தார்கள். இரு அணியினரும் நன்றாகவே பேசினர். நானும் தீர்ப்புச் சொல்லிப் பரிசும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றிரவு உட்கார்ந்து குறிப்புகளைப் புரட்டியபோது, இரண்டு அணிகளுமே தவறான கணக்கைக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கின்றன என்று தெரிந்தது. பௌதிக ஆசிரியன் நடுவராக இருந்தும் அதை அங்கேயே சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அந்தக் கடனுக்கான வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விமான அணியின் முதல் வாதம், எல்லோரும் சொல்வதுதான்: "சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், இரயிலில் நாலரை மணி நேரம்." இரண்டு எண்களும் பொய்யல்ல. ஆனால் முதல் எண் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது பெங்களூர் இரயில் நிலையத்திலிருந்து. பேசிய மாணவனின் வீடோ ஓசூரில், சிப்காட்டுக்குப் பின்னால். அவன் வீட்டு வாசலிலிருந்து கணக்குத் தொடங்கவே இல்லை.

நாம் தொடங்குவோம். ஓசூரிலிருந்து தேவனஹள்ளிக்குச் சாலை வழியே சுமார் 80 கி.மீ. பெங்களூர் நெரிசலைக் கடந்து செல்ல இரண்டேகால் மணி நேரம் வேண்டும். சோதனைகளுக்காக ஒன்றரை மணி முன்னதாகச் சேர வேண்டும். பறப்பதற்கு, தரையில் ஓடும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர அரை மணி. அங்கிருந்து மெட்ரோவில் சென்டிரல் வர முக்கால் மணி. கூட்டினால் ஆறு மணி நேரம்.

இரயிலில் செல்பவர் ஓசூரிலிருந்து பெங்களூர் இரயில் நிலையம் போய்ச் சேர ஒன்றரை மணி, காத்திருக்க அரை மணி, வந்தே பாரத் வண்டியில் நாலரை மணி. மொத்தம் ஆறரை. அரசுப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தவர் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, வேலூர் என்று நெடுஞ்சாலையிலேயே 310 கி.மீ. போய் ஆறு, ஆறரை மணியில் இறங்குகிறார். ஜோலார்பேட்டை வரை பேருந்தில் போய் அங்கே இரயில் பிடித்தாலும் ஏறக்குறைய இதே ஆறு மணிதான். ஆக, நான்கு வழியும் ஏறத்தாழ ஒன்றே! விமானத்தில் சென்ற என் சக ஆசிரியரும் பேருந்தில் சென்ற நானும் ஒருமுறை சென்னையில் ஒரே கூட்டத்துக்கு இருபது நிமிட வித்தியாசத்தில் போய்ச் சேர்ந்தோம். யார் முந்தினார்கள் என்று சொல்லமாட்டேன். அவர் இந்த இதழைப் படிப்பவர்.

இது ஏன் இப்படி ஆகிறது? பதினோராம் வகுப்பில் தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று படித்திருப்பீர்கள். ஓசூரிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 256 கி.மீ. தேவனஹள்ளியிலிருந்து அது சுமார் 268 கி.மீ. அதாவது இரண்டேகால் மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து, 80 கி.மீ. கடந்து, சென்னையை விட்டுப் பன்னிரண்டு கி.மீ. விலகிப் போயிருக்கிறீர்கள். தொலைவு உண்டு; சென்னையை நோக்கிய இடப்பெயர்ச்சி மட்டும் கழித்தல் குறியில் இருக்கிறது. விமானத்தின் வேகத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வேகம் நடுவில் மட்டுமே இருக்கிறது, பயணத்துக்கோ இரண்டு முனைகள் உண்டு.

"அதனால்தானே ஓசூரிலேயே விமான நிலையம் கேட்கிறோம்" என்று அந்த அணி மடக்கியது. நியாயமான வாதம். 2024 ஜூன் மாதம் தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்ததும் அதுதான்: 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம். பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுதளம் ஒன்று பல்லாண்டுகளாக இருந்தும் ஓசூருக்குப் பயணிகள் விமானச் சேவை வராமல் போனதற்குப் பெரிய காரணம் பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தம். 2008ல் திறந்த அந்த நிலையத்துக்கு 150 கி.மீ. வட்டத்துக்குள், மைசூர், ஹாசன் நீங்கலாக, 25 ஆண்டுகளுக்குப் புதிய நிலையம் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கெடு 2033ல் முடிகிறது. ஓசூரோ நேர்க்கோட்டில் சுமார் 53 கி.மீ. தொலைவில் இருக்கிறது.

நிலையம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து அரை மணி, சோதனைக்கு ஒன்றேகால் மணி, பறக்க ஒரு மணி, வெளியேற அரை மணி, மெட்ரோ முக்கால் மணி. நான்கு மணி நேரத்தில் சென்டிரல்! இரண்டு மணி மிச்சம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வியை அந்த அணியும் கேட்கவில்லை, எதிரணியும் கேட்கவில்லை: அதே இரண்டு மணியை இரயிலிலும் மிச்சப்படுத்த முடியுமா?

இதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். விமானப் பயணத்தில் பறக்காமல் கழியும் நேரம், இரயில் பயணத்தில் ஓடாமல் கழியும் நேரத்தைவிட இரண்டு மணி கூடுதல் என்று கொள்வோம். விமானம் மணிக்கு 700 கி.மீ. செல்லட்டும். சராசரி 90 கி.மீ. வேகமுள்ள இரயிலுக்கு, இரு பயணங்களும் சமமாகும் தொலைவு ஏறத்தாழ 200 கி.மீ. இரயிலின் சராசரி 160 ஆனால் அது 400 கி.மீ.க்குத் தள்ளிப்போகும். 250 ஆனால் 800 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நீங்களே சமன்பாட்டை எழுதிச் சரிபாருங்கள். மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையே 621 கி.மீ. இருப்புப்பாதையை இரண்டரை மணியில் கடக்கும் வண்டி 2008ல் வந்ததும், அதுவரை விமானத்தில் பறந்துகொண்டிருந்தவர்களில் பெருந்தொகையினர் இரயிலுக்கு மாறினார்கள். அவர்கள் நம்மைவிடச் சூழலில் அக்கறை கொண்டவர்கள் என்பதால் அல்ல. மேற்படிச் சமன்பாட்டின் விடை அவர்கள் ஊரில் வேறாக இருந்தது.

இனி இரயில் அணிக்கு வருகிறேன். அவர்கள் காட்டியது ஐரோப்பிய அட்டவணை ஒன்று. ஒரு பயணி, ஒரு கிலோமீட்டர், இத்தனை கிராம் கரியமில வாயு. இரயிலுக்கு நேரே விரல்விட்டு எண்ணக்கூடிய கிராம், விமானத்துக்கு நேரே நூற்றுக்கணக்கில். "முப்பதில் ஒரு பங்குதான்!" என்று அந்தப் பெண் முழங்கியபோது அரங்கம் அதிர்ந்தது. அந்த எண் பிரான்சு நாட்டு இரயிலுக்குப் பொருந்தலாம். அங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது. நம் நாட்டில் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. வண்டி அதே இரும்புச் சக்கர வண்டிதான், ஆனால் கம்பியில் வரும் மின்சாரம் வேறு.

ஆகவே கடன் வாங்கிய எண்ணை விட்டுவிட்டு நாமே கணக்கிடுவோம். பெரிய துல்லியம் வேண்டாம். பத்துக்கு எட்டுப் பொருந்தினால் போதும்.

விமானம் மேலே நிற்பதற்கே விலை கொடுக்க வேண்டும். காற்றைக் கீழே தள்ளித்தான் அது மேலே இருக்கிறது. நல்ல ஜெட் விமானத்தில் காற்றின் இழுவிசை அதன் எடையில் சுமார் பதினாறில் ஒரு பங்கு. 60 டன் விமானம் 270 கி.மீ. பறந்தால் இழுவிசைக்கு எதிரான வேலை 1,000 கோடி ஜூல். ஏழு கி.மீ. உயரம் ஏறவும் வினாடிக்கு 200 மீட்டர் வேகம் பெறவும் 530 கோடி ஜூல். இதில் பாதி, இறங்கும்போது பயன்பட்டுவிடுகிறது என்போம். எஞ்சினின் பயனுறுதிறன் 30 சதவீதம். கணக்கை முடித்தால் சுமார் ஒரு டன் எரிபொருள். தரையில் ஓடுவது, சுற்றி வளைத்து வருவது, இறங்க இடமின்றி வட்டமிடுவது எல்லாம் சேர்த்தால் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஒவ்வொரு கிலோவும் எரிந்து சுமார் 3.16 கிலோ கரியமில வாயு தரும். 150 பயணிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 30 கிலோவுக்கு மேல். குறுகிய பயணமாகையால் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதி; நடுவில் சிக்கனமாகப் பறக்க நேரமே இல்லை.

இரயிலை நிலம் தாங்குகிறது. எஃகின் மேல் எஃகு உருளும்போது தடை மிகக் குறைவு. காற்றுத் தடையையும் சேர்த்து 100 கி.மீ. வேகத்தில் அதன் எடையில் இருநூறில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். 500 டன் வண்டி 360 கி.மீ. ஓட சுமார் 880 கோடி ஜூல். நின்று நின்று வேகம் பிடிக்க 320 கோடி. குளிர்சாதனத்துக்கும் விளக்குக்கும் மட்டும் சுமார் 650 கோடி ஜூல்! வண்டியை இழுக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல், உள்ளே இருப்பவரைக் குளிர்விக்கப் போகிறது என்பதைக் கவனியுங்கள். இழப்புகளையும் சேர்த்து மொத்தம் 6,000 யூனிட். 900 பயணிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏழு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஐந்து கிலோ கரியமில வாயு.

நம் மேட்டு நிலத்துக்கே உரிய ஒரு செய்தி: பெங்களூர் சென்னையைவிட ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 500 டன் வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் நிலையாற்றல் சுமார் 1,200 யூனிட். மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வகை பிரேக் உள்ள வண்டி அதில் ஒரு பகுதியைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். ஏறி வரும் வண்டி அதைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே சென்னைக்குப் போகும் பயணமும் திரும்பி வரும் பயணமும் ஆற்றல் கணக்கில் ஒன்றல்ல. மேலே சொன்னது சராசரி.

இரயிலின் ஐந்துக்கு விமானத்தின் முப்பது. ஆறில் ஒரு பங்கு. முப்பதில் ஒரு பங்கு அல்ல. ஆறில் ஒரு பங்கே போதுமான வெற்றிதான். எதற்காக மிகைப்படுத்த வேண்டும்? இன்னொன்றும் உண்டு, இதை இரயில் அணி விரும்பாது. நாற்பது பேர் ஏறிய டீசல் பேருந்து ஓசூரிலிருந்து சென்னை போக 78 லிட்டர் செலவிட்டால் தலைக்கு ஐந்து கிலோ சொச்சம். ஏளனமாகப் பார்க்கப்படும் பேருந்தும் வந்தே பாரத்தும் இன்றைய நிலையில் ஏறத்தாழச் சமம். மின்சாரம் தூய்மையாகும் அளவுக்கு இரயில் முந்திச் செல்லும், அதுவரை பேருந்துக்காரர் தலை நிமிர்ந்தே உட்காரலாம்.

இரு அணிகளும் விட்டுவிட்ட எண் ஒன்று இருக்கிறது. ஓசூரிலிருந்து தேவனஹள்ளிக்கு வாடகைக் காரில் தனியாகச் செல்பவர் சுமார் ஐந்தேகால் லிட்டர் பெட்ரோல் எரிக்கிறார். 12 கிலோ கரியமில வாயு. சென்னை வரை இரயிலில் செல்வதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், விமானத்தில் கால் வைக்கும் முன்பே! இரயில் பிரியர் மகிழ வேண்டாம். அவர் பெங்களூர் இரயில் நிலையத்துக்குக் காரில் தனியாகப் போனால் அதுவே ஆறு கிலோ. அவருக்காக இரயில் வெளியிட்டதைவிட அதிகம். ஐரோப்பிய அட்டவணையில் இந்த வரி இல்லை. அங்கே பல நகரங்களில் இரயில் நிலையம் ஊர் நடுவில் இருக்கிறது; டிராம் வண்டியில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

இரயில் அணியின் கடைசி அஸ்திரம் பிரான்சுச் சட்டம். இரண்டரை மணிக்குள் இரயிலில் போக முடிந்த ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று 2023 மே மாதம் ஆணை வந்தது. "இங்கும் கொண்டு வாருங்கள்!" என்றனர். அந்த ஆணையால் நின்றவை மூன்றே தடங்கள்: பாரிசின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ. லியோனுக்கு அதிவேக இரயில் 1981லேயே வந்துவிட்டது. நாற்பதாண்டு இரயில் முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது. அதே விதியைச் சென்னை - பெங்களூருக்குப் பொருத்தினால் ஒரு விமானமும் நிற்காது. இரயில் நாலரை மணி எடுக்கிறதே!

ஏன் எடுக்கிறது? இங்கேதான் பட்டிமன்றம் நடந்திருக்க வேண்டும். ஓசூர் வழியே 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கப்பட்ட கோவை - பெங்களூர் வந்தே பாரத் சுமார் 380 கி.மீ.யை ஆறரை மணியில் கடக்கிறது. சராசரி 58 கி.மீ. 160 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடிய வண்டி அது! குற்றம் வண்டியில் இல்லை. சேலத்திலிருந்து ஓசூருக்கு ஏறும் பாதை ஒற்றைப் பாதை. மலைச் சரிவில் வளைந்து வளைந்து வருவது. வளைவில் செல்லும் வண்டிக்கு மையநோக்கு முடுக்கம் வேண்டும்: வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்தால் வருவது. தண்டவாளத்தின் சாய்வும், பயணி தாங்கக்கூடிய சிறு மிகையும் சேர்ந்து இதற்குத் தரக்கூடியது புவியீர்ப்பு முடுக்கத்தில் எட்டில் ஒரு பங்கு. 440 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இதன்படி மிகுந்தபட்ச வேகம் மணிக்கு 84 கி.மீ. 160ல் செல்ல ஆரம் 1,600 மீட்டர் வேண்டும். எத்தனை அழகான எஞ்சினை மாட்டினாலும் நியூட்டன் விலகி வழிவிடமாட்டார். வண்டிக்கு வண்ணம் மாற்றுவது சுலபம், வளைவை நேராக்க மலையைக் குடைய வேண்டும்.

இந்த வட்டாரத்தின் இரயில் வரலாறே ஒரு சோகக் கதை. 1905ல் திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி, 1906ல் மொரப்பூர் - தருமபுரி, 1913ல் தருமபுரி - ஓசூர் என்று இரண்டரை அடி அகலக் குறும்பாதைகள் வந்தன. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவருவதற்கென்று போட்டவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குள் அவை மூடப்பட்டுவிட்டன. ஓசூருக்கு இரயில் 1960களின் இறுதியில் மீட்டர் பாதையாகத் திரும்பியது. 1990களில் அகலப் பாதையானது. கிருஷ்ணகிரி நகரத்துக்குத் திரும்பவே இல்லை. 2004ல் மாவட்டத் தலைநகராகியும் ஊருக்குள் இரயில் நிலையம் கிடையாது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியே ஓசூருக்குச் சுமார் 100 கி.மீ. புதிய பாதை வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை.

அதைப் போட்டால் என்ன ஆகும்? ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு 213 கி.மீ.; அந்தப் பகுதி 130 கி.மீ. வேகத்துக்கு மேம்படுத்தப்பட்ட பாதை. மொத்தம் 313 கி.மீ. சராசரி 90 கி.மீ. என்றால் மூன்றரை மணி. வீட்டிலிருந்து நிலையம் சென்று காத்திருக்க முக்கால் மணி. நாலேகால் மணியில் சென்டிரல்! விமான நிலையம் தருவதாகச் சொன்ன நான்கு மணிக்குப் பதினைந்து நிமிடமே பிந்தியது. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 400 மீட்டர். நூறுக்கு ஒன்று என்ற சரிவில் இறக்க 40 கி.மீ. வேண்டும். சூளகிரி வழியே சாலைத் தொலைவே 50 கி.மீ. ஆகையால் இயலாத காரியம் அல்ல. நிலத்தைப் பாருங்கள்: 30 மீட்டர் அகலத்தில் 100 கி.மீ. என்பது 740 ஏக்கர் சொச்சம்.

உடனே "2,000 ஏக்கருக்கு 740 ஏக்கர், இரயிலே வென்றது" என்று முடிக்காதீர்கள். பட்டிமன்றம் முடிந்து கலையும்போது பாகலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். பேச்சாளர் பட்டியலில் இல்லாதவள். "சார், ரெண்டு பக்கமும் போறவங்களைப் பத்தியே பேசினாங்க. நிலம் குடுக்கறவங்க கணக்கு எதுலயும் வரலையே?" என்றாள். அவள் வீட்டில் ரோஜாத் தோட்டம். விமான நிலையம் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து அப்பா புதிய பந்தல் போடத் தயங்குகிறாராம். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ஓசூர் ரோஜா விமானத்தில்தான் போகிறது, அதுவும் அவளுக்குத் தெரியும். வாடும் பொருளுக்கு இரயில் உதவாது. இருப்புப்பாதையோ 740 ஏக்கரை ஒரே இடத்தில் எடுக்காது. நூறு கிலோமீட்டருக்கு வயல்களை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். கிணறு ஒரு பக்கம், நிலம் மறுபக்கம். அவளுக்கு அன்று நான் சொன்ன பதில் திருப்தியானதல்ல.

ஒன்றை மட்டும் இப்போது சொல்ல முடியும். 3 கோடிப் பயணிகள் என்பது ஓசூர் - சென்னைக் கணக்கே அல்ல. 2023-24ல் சென்னை விமான நிலையமே கையாண்டது சுமார் 2 கோடியே 12 லட்சம் பயணிகள். திட்டமிடப்படுவது தென் பெங்களூருக்கும் டெல்லி, சிங்கப்பூர் போன்ற நெடுந்தொலைவுகளுக்கும் உரிய நிலையம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விமானத்தோடு இரயில் போட்டியிட முடியாது; நம் சமன்பாடே அதைச் சொல்கிறது. அந்த வாதத்தை அந்த வாதமாகவே வைத்து, அதற்குரிய எண்களோடு, நிலம் தருபவர் முன்னிலையில் பேசலாம். "சென்னைக்கு ஒரு மணி நேரம்" என்று சொல்லி 2,000 ஏக்கர் கேட்பது சரியல்ல. சென்னைக்குச் செல்பவருக்கு வேண்டியது 100 கி.மீ. தண்டவாளம்.

அந்த மாணவியும் நண்பர்கள் மூவரும் இப்போது ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். சென்னை, கோவை, பெங்களூர் செல்லும் ஓசூர்க்காரர்களிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, வாசலை விட்ட நேரம், வண்டி ஏறிய நேரம், இறங்கிய நேரம், போக வேண்டிய வாசலை அடைந்த நேரம் என்று நான்கு நேரங்களைக் குறித்து வாங்குகிறார்கள். வாசகர்களும் தம் பயணத்துக்கு இந்த நான்கையும் குறித்து, வண்டியின் வகையோடு ஆசிரியருக்கு எழுதலாம். கிருஷ்ணகிரி வாசகர்கள், இரயில் நிலையம் உள்ள ஊருக்குப் போய்ச் சேரும் நேரத்தையும் மறவாமல் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.